மேட்டிலே நின்றால் பிரேக்கிலே நில்லுங்கள்!

தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு மேடு ஏறுவதைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வயல். நடுவிலே தென்னந்தோப்பு, வைக்கோல் போர், கோயில் கோபுரம். மலை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்குப் போய் மலைக்கோட்டையைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஆனால் கார் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், மேடு இல்லாத ஊரே கிடையாது என்று! தஞ்சாவூரிலிருந்து பழைய ரோட்டிலே திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். ஊருக்குள்ளே வந்தால் சாந்தப்பிள்ளை கேட் ரயில்வே மேம்பாலம். வெள்ளத்துக்குப் பயந்து இப்போதெல்லாம் வீட்டையே உயர்த்திக் கட்டுகிறோம். அதனால் வாசலில் ஒரு சரிவு. பெரிய ஆஸ்பத்திரிக்கோ ஜவுளிக் கடைக்கோ போனால் கார் நிறுத்துமிடம் பூமிக்கு அடியில். அங்கேயிருந்து மேலே ஏறி வருவதும் மலை ஏறுவது மாதிரிதான்.

இப்போது வீட்டுக்கு வீடு ஆட்டோமாடிக் கார் வந்துவிட்டது. ‘இடது காலுக்கு வேலையே இல்லை, பொம்பளைங்க ஓட்ட சுலபம்’ என்று சொல்லித்தான் எங்கள் வீட்டிலும் வாங்கினார்கள். மாமியாரை வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சுலபம் என்பது உண்மைதான். ஆனால் சில ஆட்டோமாடிக் கார்களுக்கு, மேட்டிலே நிற்கும்போதும் கிளம்பும்போதும் ஒரு தனிப் பழக்கம் தேவைப்படுகிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. டிரைவிங் ஸ்கூலில் இருப்பது பெரும்பாலும் பழைய கிளட்ச் வண்டி. கார் விற்கிறவருக்கோ சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பதிலேயே நேரம் சரியாகிவிடுகிறது!

கிளட்ச் எங்கேயும் போய்விடவில்லை

‘ஆட்டோமாடிக்’ என்று ஒரே பெயரில் நாம் சொன்னாலும் உள்ளே பல ஜாதி உண்டு. ஒரு வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. பழைய காலத்து ஆட்டோமாடிக் பெரும்பாலும் இதுதான். இன்னொன்றில் சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சை மட்டும் நமக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. ஏ.எம்.டி. என்பார்கள். மாருதி செலேரியோவில் 2014-ல் வந்து நம் நாட்டில் பரவியது இந்த வகை.

மூன்றாவதுதான் இரட்டைக் கிளட்ச். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கம்பெனிகள் டி.எஸ்.ஜி. என்றும், ஹூண்டாய், கியாவில் டி.சி.டி. என்றும், டாடாவில் டி.சி.ஏ. என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் தத்துவம் ஒன்று. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5 என்ற ஒற்றைப்படை கியர்களுக்கு. மற்றது 2, 4, 6 என்ற இரட்டைப்படை கியர்களுக்கு.

நாம் இரண்டு அடுப்பில் சமைக்கிறோமே, அப்படித்தான். ஒரு அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மறு அடுப்பில் வாணலியைக் காயவைத்துத் தயாராக இருப்போம். இதுவும் இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவதைத் தயாராக வைத்துக்கொள்ளும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, கியர் மாறியதே தெரியாது. இந்த யோசனை பிரான்ஸ் நாட்டு எஞ்சினியர் அடால்ஃப் கெக்ரெஸ் என்பவருக்கு 1939-லேயே தோன்றிவிட்டதாம். எண்பதுகளில் போர்ஷே கம்பெனி பந்தயக் கார்களில் வைத்து ஓட்டிப் பார்த்தது. கடையில் விற்கும் காருக்கு 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2013-ல் ஃபோக்ஸ்வாகன் போலோவிலும், சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டிலும் வந்தது. இப்போது பல கம்பெனிகளில் இருக்கிறது.

நாம் ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கிளட்ச் மிதிதான் இல்லை. கிளட்ச் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கிறது!

உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள்

கிளட்ச் என்பது ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் தட்டுகள். முழுக்கப் பிடித்துக்கொண்டால் சூடு இல்லை. முழுக்க விலகி நின்றாலும் சூடு இல்லை. பாதி பிடித்தும் பாதி வழுக்கிக்கொண்டும் இருக்கும்போதுதான் சூடு. மார்கழிக் குளிரில் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொள்கிறோமே, அதே கதைதான்.

இப்போது மேம்பாலத்தின் ஏற்றத்தில் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் பிரேக்கை விட்டுவிட்டு, கார் பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் இருக்கும் அளவுக்கு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே நிற்பார்கள். பார்ப்பதற்குக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். உள்ளே அந்த நேரம் முழுக்கத் தட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

எண்ணெயில் ஓடும் பழைய ஆட்டோமாடிக் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இரட்டைக் கிளட்சில் பல வண்டிகளில் இருப்பது ‘உலர்’ கிளட்ச். எண்ணெய் கிடையாது; காற்றுதான் ஆற வைக்க வேண்டும். எண்ணெய் விடாத வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? ஹூண்டாய், கியாவின் ஏழு கியர் டி.சி.டி.யும், ஃபோக்ஸ்வாகனின் சின்ன எஞ்சின் கார்களில் வரும் ஏழு கியர் டி.எஸ்.ஜி.யும் உலர் வகை. 2022-ல் டாடா ஆல்ட்ராஸில் வந்தது எண்ணெயில் நனையும் வகை. நனைகிற வகை சூட்டைச் சற்று அதிகம் தாங்கும். அதற்காக மேட்டில் வழுக்கவிடலாம் என்று அர்த்தமில்லை.

என் கணவரின் பெரியப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். மலைப் பாதையிலும் ஓட்டியிருக்கிறார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆட்டோமாடிக் அவருக்குப் புதிது. இருந்தாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தை எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

“ஏம்மா, மேட்டுல வண்டியப் புடிச்சு நிறுத்துறது பிரேக்கோட வேலை. வண்டிய நகத்துறது எஞ்சினோட வேலை. ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் தலையில கட்டாதே. அப்புறம் ரெண்டு பேருமே செய்யமாட்டான்!”

“அப்ப எவ்வளவு நேரம் நின்னாலும் பிரேக்தானா பெரிய மாமா?” என்று கேட்டேன்.

“திருவாரூர் தேர் என்ன இழுத்துக்கிட்டேயா நிக்குது? நிக்கணும்னா முட்டுக்கட்டை போடுறானில்லே? அப்புறம் கட்டைய எடுத்துட்டுத்தானே வடம் புடிக்கிறான்?” என்றார்.

ஆசியாவிலேயே மிகப் பெரிய தேர்களில் ஒன்று திருவாரூர் ஆழித் தேர். அதற்குத் திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக இன்றைக்கும் கூடவே ஓடுகிறார்கள். அந்த முட்டுக்கட்டைதான் நம் காரில் ஹேண்ட் பிரேக்.

பின்னால் யார் நிற்கிறார்கள்?

கிளட்ச் தேய்ந்தால் பணம் போகும். மாற்றுவதென்றால் குறுவை நெல் விற்ற காசு கரைந்துவிடும். அது போனால் போகட்டும். கார் பின்னால் உருண்டால் போவது பணம் மட்டுமா?

நம் ஊரில் மேம்பாலத்தில் நிற்கும்போது பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். எனக்கு இரண்டு வண்டி முன்னால் ஒரு கார், சிக்னல் விழுந்ததும் கிளம்பாமல் பின்னால் வழுக்கியது. அதற்குப் பின்னே ஸ்கூட்டரில் ஒரு பெண். முன்னால் ஒரு குழந்தை நிற்கிறது. பின்னால் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அவள் காலை ஊன்றிப் பின்னே தள்ளப் பார்த்தாள். முடியுமா? கார் இடித்து ஸ்கூட்டர் சாய்ந்தது. நல்லவேளையாக முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

“எந்தப் பொம்பளையோ ஓட்டுறா பாரு!” என்று ஓரத்தில் நின்ற ஒருவர் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு இறங்கியதோ, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு ஆண்பிள்ளை! “ஆட்டோமாடிக் பின்னால போகாதுன்னு சொன்னாங்களே” என்று திகைத்துப்போய் நின்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆட்டோமாடிக் கார் சமதரையில் பிரேக்கை விட்டால் மெதுவாக முன்னே ஊரும். அந்தச் சின்ன இழுப்பு ஏற்றத்தில் வண்டியின் எடையைத் தாங்கப் போதாது. அதற்காகத்தான் இப்போது பல கார்களில் ‘ஹில் ஹோல்ட்’ என்று ஒன்று வைக்கிறார்கள். நாம் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று விநாடி அது பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். காலை ஆக்ஸிலேட்டருக்கு மாற்ற அந்த அவகாசம் போதும். ஆனால் இரண்டு மூன்று விநாடிதான்! பின்சீட்டில் அழும் குழந்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அது விட்டுவிடும்.

மோட்டார் வாகனச் சட்டமும் இதை லேசாக நினைக்கவில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், லைசென்ஸுக்கான சோதனையில் செய்துகாட்ட வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று: ஓரளவு செங்குத்தான ஏற்றத்தில் நின்று, பின்னால் உருளாமல் கிளம்பிக் காட்ட வேண்டும்.

மேட்டில் நின்று கிளம்ப...

இரண்டு சீட்டுக்கும் நடுவே கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களுக்கு முதலில் சொல்கிறேன்.

1. நிற்க வேண்டியது கால் பிரேக்கில். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்றால் ‘டி’யிலேயே இருக்கலாம், ஆனால் பிரேக்கை அழுத்தமாக மிதித்திருக்க வேண்டும். பிரேக் மிதித்திருக்கும்போது கிளட்ச் விலகி இருக்கும். அரைகுறையாக மிதித்தால் அது ஊரப் பார்க்கும், வழுக்கும்.

2. ரயில்வே கேட் மாதிரி நேரம் ஆகும் இடமென்றால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ‘என்’னுக்கு மாற்றிவிடுங்கள். ‘டி’யில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டு, கால் பிரேக்கை விட்டுவிடக் கூடாது. நாம் நிற்கிறோம் என்று நினைப்போம். உள்ளே கிளட்ச் முன்னே போகத் துடித்துத் தேய்ந்துகொண்டிருக்கும்.

3. முன்வண்டி நகர்ந்ததும் நாமும் நகர வேண்டாம். ஒரு கார் நீளமாவது இடம் விழட்டும். பிறகு ஒரேயடியாகப் போங்கள். எறும்பு மாதிரி அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் இந்த வண்டிக்கு ஆகாது. பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்!

4. கிளம்பும்போது கால் பிரேக்கை மிதித்து, ‘டி’ போட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுங்கள். கியர் விழுந்துகொள்ளட்டும். ஹேண்ட் பிரேக் மேலேயே இருக்கட்டும். பட்டனில் கட்டை விரல் தயாராக இருக்கட்டும்.

5. காலை ஆக்ஸிலேட்டருக்கு மாற்றி மெதுவாக, ஆனால் தயங்காமல் அழுத்துங்கள். வண்டி முறுக்கிக்கொண்டு முன்னே போகப் பார்ப்பது உடம்புக்கே தெரியும். அந்தக் கணமே ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கிவிடுங்கள். அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது.

முதல் இரண்டு நாள் கைக்கும் காலுக்கும் சண்டை வரும். நாலாம் நாள் தானாகப் படிந்துவிடும். தோசை திருப்புவதற்கா கணக்குப் போடுகிறோம்?

ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் பட்டன் இருக்கும் கார்களில் வேலை இன்னும் குறைவு. சீட் பெல்ட் போட்டு, ‘டி’யில் வைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் பிரேக் தானே விட்டுவிடும். ‘ஆட்டோ ஹோல்ட்’ என்று இன்னொரு பட்டனும் சிலவற்றில் உண்டு. அதைப் போட்டுவைத்தால், நின்ற இடத்தில் காலை எடுத்தாலும் கார் நிற்கும். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால்தான் நகரும். மேம்பாலத்துக்கு வரப்பிரசாதம். ஆனால் டாஷ்போர்டில் அதன் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுக்க வேண்டும். இறங்கிப் போவதற்கு அதை நம்பக் கூடாது.

வீட்டு வாசல் சரிவில் ரிவர்சில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிவர்சுக்கும் அதே கிளட்சுதான். அரை அடி ஏறுவது, நிறுத்திக் கண்ணாடி பார்ப்பது, மறுபடி அரை அடி ஏறுவது என்று செய்தால் கிளட்ச் வாடை மூக்கில் ஏறும். முன்பக்கமாக ஒரே மூச்சில் ஏறி உள்ளே போய், வெளியே வரும்போது ரிவர்சில் இறங்குவது மேல். அப்போது பின்னால் குழந்தைகள் யாராவது விளையாடுகிறார்களா என்று இறங்கிப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

வண்டியே சொல்லும்

போன ஆடியில் இரண்டு குடும்பமாகக் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாத்தனார் வீட்டு வண்டியும் இரட்டைக் கிளட்ச்தான். அண்ணன்தான் ஓட்டினார். முன்னே ஒரு லாரி. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நின்று நின்று ஏறினார். பாதி மலையில் டாஷ்போர்டில் கியர்பெட்டி சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது.

இம்மாதிரி எச்சரிக்கை வந்தால் பதறக் கூடாது. அலட்சியமும் செய்யக் கூடாது. சில கார்களில் எழுத்து வரும். சிலவற்றில் வண்டி குலுங்கிக் காட்டும். வளைவு இல்லாத, கூடிய வரைக்கும் சமதளமான இடமாகப் பார்த்து ஓரமாக நிறுத்தி, ‘பி’ போட்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே ஆறவிட வேண்டும். நாங்களும் அப்படித்தான் நின்றோம். கட்டுச்சோற்று மூட்டையை அங்கேயே அவிழ்த்துவிட்டோம்! எச்சரிக்கை மறைந்த பிறகு லாரிக்கு நிறைய இடம் விட்டு, ‘எஸ்’ஸில் போட்டு ஏறினார். மேலே அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

மலைப் பாதையில் இன்னொரு விதியும் உண்டு. ரோடு குறுகலாக இருந்தால் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் நின்று கொடுக்க வேண்டும். மேட்டில் நின்று கிளம்பும் கஷ்டத்தை உணர்ந்துதான் இப்படி எழுதிவைத்திருக்கிறார்கள்.

இறங்கும்போது ‘என்’னில் போட்டு உருளவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். எஞ்சின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கையால் கியர் மாற்றும் வசதியில் இரண்டாவது கியரில் வைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும்.

நிறுத்தி வைப்பதில்தான் அதிக கவனம்

‘பி’ போட்டாயிற்று, ஹேண்ட் பிரேக் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ‘பி’ போடும்போது கியர்பெட்டிக்குள் சின்ன இரும்பு நாக்கு ஒன்று ஒரு பல் சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து தடுக்கிறது. அவ்வளவுதான். சரிவில் வண்டியின் முழு எடையையும் அந்த நாக்கின் மேல் சாய்த்துவிட்டால், மறுபடி எடுக்கும்போது லீவர் இறுகிக்கொள்ளும். ‘டொக்’ என்று சத்தம் கேட்கும்.

ஆகவே வரிசை முக்கியம். கால் பிரேக்கை மிதித்து நிறுத்துங்கள். ‘என்’ போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் போடுங்கள். கால் பிரேக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். வண்டி லேசாக அசைந்து ஹேண்ட் பிரேக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி கால் பிரேக்கை மிதித்து, ‘பி’ போட்டு, எஞ்சினை அணையுங்கள். எடுக்கும்போது கால் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்து, முதலில் ‘பி’யிலிருந்து மாற்றி, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

முன்சக்கரத்தையும் திருப்பி வைக்கலாம். இறக்கத்தைப் பார்த்து இடது ஓரமாக நிற்கிறதென்றால், ஓரத்துக் கல்வரிசையை நோக்கி இடது பக்கம் திருப்பி வையுங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்று, ஓரத்தில் உயரமான கல்வரிசையும் இருந்தால் வலது பக்கம் திருப்பி வையுங்கள். உருண்டாலும் சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும். கல்வரிசை இல்லாத ஆற்றங்கரைச் சரிவு, வாய்க்கால் ஓரம் இங்கெல்லாம் கூடிய வரைக்கும் நிறுத்தாமலிருப்பதே நல்லது.

பின்பெட்டியில் ஒரு மரக்கட்டை போட்டுவைத்திருங்கள். சரிவில் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க உதவும். புறப்படும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் விட்டுப்போன கல்லிலும் கட்டையிலும் ராத்திரி இருசக்கர வண்டிக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் கார் பல நாள் சமதரையில் சும்மா நிற்கப் போகிறதென்றால் ‘பி’யும் கட்டையும் போதும். ஈரத்தில் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அடம் பிடிப்பது உண்டு.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘பி’, ஹேண்ட் பிரேக் இரண்டும் போட்டு முடிக்கும் வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் வழக்கமாக்கிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலைதானே என்று குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள். நடுவிலே நிற்கும் அந்த லீவர் குழந்தைகள் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான்தான். இழுப்பதை விட அமுக்கி இறக்குவது அவர்களுக்குச் சுலபம்.

எல்லாம் நம் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டாம்

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் வண்டி கிளம்பும்போது உதறுகிறது, குலுங்குகிறது, வாடை வருகிறது என்றால், அது உங்கள் தப்பாக இல்லாமலும் இருக்கலாம். “மேடம், உங்க டிரைவிங் அப்படி” என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். பெண்ணாக இருந்தால் இன்னும் சுலபம்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். ஃபோர்டு கம்பெனி அங்கே விற்ற ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் கார்களில் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற இரட்டைக் கிளட்ச் இருந்தது. வண்டி உதறுகிறது என்று வந்து சொன்ன பலரிடம், அது அவர்கள் ஓட்டும் விதத்தால் வருகிறது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. புகார்களைக் கையாண்ட விதம் சரியில்லை என்று 2018-ல் அந்நாட்டு ஃபெடரல் கோர்ட் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது!

அதனால் என்றைக்கு, எந்த இடத்தில், எப்படிக் குலுங்கியது என்று காலண்டரிலோ பால் கணக்கு நோட்டிலோ குறித்துவையுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே மேட்டில் ஓட்டிக் காட்டுங்கள். சொன்ன குறையை வேலைச் சீட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும்போது அந்தத் துண்டுக் காகிதத்துக்குத் தங்கத்தின் மதிப்பு. ஹேண்ட் பிரேக் வழக்கத்தை விட ரொம்ப மேலே வந்து பிடித்தால் அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

காரோடு ஒரு புத்தகம் கொடுத்திருப்பார்களே, டாஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும்! இன்றைக்கே எடுத்து, உங்கள் கார் எந்த ஜாதி ஆட்டோமாடிக், ஹில் ஹோல்ட் உண்டா, ஹேண்ட் பிரேக் எத்தனை ‘கிளிக்’கில் பிடிக்க வேண்டும் என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு கார் விஷயத்தில் இன்னொரு காரின் பழக்கம் உதவாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி குடித்த கையோடு, ஊர் எழுந்திருக்கும் முன்னே, பழக்கமான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆளில்லாத ஒரு சரிவுக்குப் போங்கள். பின்னால் யாரும் இல்லாதபோது பத்துத் தடவை நின்று கிளம்பிப் பாருங்கள். திங்கட்கிழமை காலை மேம்பாலத்தில் உங்கள் பின்னால் நிற்கப் போகிறவள், இரண்டு பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற ஒரு தாயாக இருக்கலாம். அவள் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துத்தான் இந்தப் பழக்கம்.